மலையடிவாரத்துச் சிவப்பு

மாமி ஊரிலிருந்து கடல்கடந்து வந்து எங்கள் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் நின்ற மாதம். சனிக்கிழமைக்கென்று நான் ஒளித்துவைத்த சிவப்பு வைன் போத்தலை அவர் குசினியில் கண்டுபிடித்தார்.

"இதென்ன தம்பி?"

ஜன்னல் வெயிலில் நாவல்பழ நிறம் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. "மலையடிவாரத்தில பழங்கள் கலந்து செய்தது மாமி" என்றேன்.

நான் சொன்னது இரண்டு சாதித் திராட்சையை. மாமிக்குக் கேட்டது பழனிப் பஞ்சாமிர்தம்.

"இங்கையும் செய்யினமோ?" என்று கும்பிட்டு, போத்தலை முருகன் படத்தடியில் வைத்துவிட்டார். என் சனிக்கிழமை போயிற்று என்றே நினைத்தேன்.

பூசை முடிந்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கண்ணில் ஒற்றிக் குடித்தார். முகம் சுருங்கியது.

"புளிச்சுப் போச்சு தம்பி. பிரசாதம் கொட்டப்படாது, நீங்களே குடிச்சு முடியுங்கோ."

"ஓம் மாமி" என்றேன், இயன்றளவு துக்கத்தோடு.