மஞ்சள் பொட்டு வைத்த இசைத்தட்டு

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு சாயங்காலம், வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, நான், சேகர் மாமா, நான்கு பேர்தான். நேற்று மைசூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் ஒரு ஜாஸ் இசைத்தட்டைக் கையில் எடுத்ததும் அந்தச் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. தட்டின் நடுவில் மஞ்சள் பொட்டு. ரயில்வே பணிமனையில் பெயிண்டராக இருந்த அப்பா, தன் தட்டு ஒவ்வொன்றிலும் வைக்கும் பொட்டு.

ஊரைவிட்டுப் போன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடம் வாங்கிச் சேர்த்த ஜாஸ், புளூஸ் தட்டுகள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துடைத்துக் காயவைப்பார். "இந்த ஆளு பாடறானா, பல்வலியில அழறானா?" என்பாள் அம்மா.

ஆட்டோ ஓட்டிய அவள் தம்பி சேகர் மாமா, "எல்லாத்தையும் கேசட்ல பதிஞ்சு தரேன் மச்சான்" என்று பெட்டியோடு கொண்டுபோனார். அந்தச் சாயங்காலம் கையில் கட்டோடு வந்து நின்றார். "வண்டி கவுந்துடுச்சு மச்சான், ஒரு தட்டுகூடத் தேறல." நான் அழுதேன். அப்பாவோ, "தட்டு போனா போவுது, உன் உசுரு தப்பிச்சுதே" என்று அவரை அணைத்துக்கொண்டார்.

கடைக்காரர் தட்டைத் திருப்பிக் காட்டினார். "நோடிம்மா, நல்லா பாருங்க, ஒரு கீறல் இல்ல. நம்ம ஆட்டோ சேகரண்ணா வருஷா வருஷம் ரெண்டு மூணு கொண்டாந்து விப்பாரு."

மாமாவிடம் கேட்டால் சண்டையாகுமோ, அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவாளோ என்று நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இப்போது இல்லை. அன்று ஆட்டோ ரிப்பேருக்கென்று அவர் மாமாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்ததும் இன்னும் திரும்பி வரவில்லை. இருநூறு ரூபாய்.