மோந்தாச்சு, போகலாம்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிற மலைப்பாதையில் மூங்கில் தடுப்புப் போட்ட சாவடி ஒன்று அப்போது இருந்தது. இலாகா வைத்த பேர் நீளமானது. சனங்களுக்கு அது சுங்கச் சாவடி, அவ்வளவுதான். மேலே ஓடைக்கரைகளில் யார் கண்ணிலும் படாமல் கஞ்சா போட்டு, பூண்டு மூட்டைக்குள் திணித்துக் கீழே இறக்குகிற சோலி ஐம்பதுகளில் அமோகமாக நடந்தது. பூண்டு வாடையில் கஞ்சா வாடை அமுங்கிவிடும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் மண்ணைப் போடத்தான் பழனிக்காரர் ஞானவேலைச் சிப்பாயாகக் கொண்டுவந்து அங்கே போட்டார்கள்.

பழனி மலை அடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருந்த குடும்பம். கண்ணைக் கட்டிவிட்டு விபூதியை நீட்டினால், இது இன்னார் கடைச் சரக்கு என்று சொல்லிவிடுகிற மூக்கு அவருக்கு. சாவடியில் அவர் கையில் ஒரு குத்தூசி, முழ நீள இரும்புக் குழல். மூட்டையில் சொருகி உருவி, முனையை மூக்கருகே வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். சுத்தமாக இருந்தால் "மோந்தாச்சு, போகலாம்" என்பார், பஸ் கிளம்பிவிடும். இல்லையென்றால் வாயே திறக்க மாட்டார், மூட்டையை ஓரமாக நகர்த்துவார். ஆள் மாட்டினான் என்று அர்த்தம்.

"ஞானவேலு, உன் மூக்கு சர்க்கார் சொத்துய்யா. பத்திரமா வச்சுக்க" என்பார் இன்ஸ்பெக்டர் சேனாதிபதி.

எங்கே பத்திரமாக வைக்கிறது? ஐம்பத்தேழில் ஊர் ஊராக ஃபுளூக் காய்ச்சல் வந்ததே, அதில் பத்து நாள் படுத்து எழுந்தார். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறுகிறது, மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, மூக்கக் கழட்டி ஆணியில மாட்டிட்டீகளா?" என்று ஓடிவந்தாள் மனைவி சண்முகசுந்தரி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்தார். கற்பூரத்தை மோந்தார். விபூதியை உள்ளங்கையில் கொட்டி மோந்தார். ஒன்றுமே இல்லை. பயம்கூட உடனே வரவில்லை.

சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மறுபடியும் சாவடிக்குப் போனார், குத்தூசியைச் சொருகினார், மோந்தார். மோந்துகொண்டே ஓரக்கண்ணால் மூட்டைக்காரர் முகத்தைப் பார்த்தார். மடியில் கனம் உள்ளவன் எச்சில் விழுங்குவான். மலையைப் பார்ப்பான். ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பான். அந்த மூட்டையை ஓரமாக நகர்த்தினார். என்ன அநியாயம் பாருங்கள், மூக்கு இருந்த காலத்தைவிட இப்போதுதான் நிறையப் பிடிபட்டது! இலாகாவிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார் சேனாதிபதி.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. அறுபதில்தான் அன்னக்கொடி விவகாரம்.

பூம்பாறைக்காரி. மண்டிக்காரர் வேலுமணி தைத்துக் கொடுக்கிற பூண்டு மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக் கீழே சந்தையில் சேர்ப்பது அவள் பிழைப்பு. வாய் ஓயாத பொம்பளை. "வெரசா மோந்து விடுங்கண்ணே, சந்த கலைஞ்சிரும்" என்பாள். அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். முகத்தில் ஒரு கள்ளம் இல்லை. அவர் சொருகினார், உருவினார், அவள் கண்ணைப் பார்த்தார்.

"மோந்தாச்சு, போகலாம்."

சந்தையில் வேறு அதிகாரிகள் அந்த மூட்டையைக் கிழித்தார்கள். நடுவில் கஞ்சா. அவளுக்குத் தெரிந்திருந்தால் அல்லவா முகத்தில் தெரியும்!

"எனக்குத் தெரியாதுங்கய்யா, தச்ச மூட்டையத்தான் வாங்கினேன்" என்று அவள் கதறினாள். வேலுமணி அலட்டிக்கொள்ளவே இல்லை. "நான் குடுத்தது பூண்டு. சாவடியில மூக்குக்கார ஐயாவே மோந்து விட்டிருக்காரு. அதுக்கப்புறம் இவ என்னத்த வச்சுத் தச்சாளோ" என்றார். ஆக, எல்லாம் ஞானவேல் சொல்லில் வந்து நின்றது. அவருக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் அவள் பிழைப்பாள். அவர் வேலை போகும்.

கோர்ட்டுக்குக் கிளம்பும்போது சண்முகசுந்தரி சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாள். "சொல்லிருங்க. அடிவாரத்துல கட போட்டாவது பிழச்சுக்குவோம்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

கூண்டில் ஏறினார். எதிரே அன்னக்கொடி. அண்ணன் வந்துவிட்டார் என்று அவள் முகம் தெளிந்ததை அவரே பார்த்தார். பின்வரிசையில் சேனாதிபதி.

"மூட்டையை மோந்து பார்த்தீர்களா?"

"மோந்தேனுங்கய்யா."

"கஞ்சா வாடை இருந்ததா?"

"வாடை எதுவும் வரலீங்கய்யா."

இரண்டிலும் ஒரு சொல் பொய்யில்லை. அன்னக்கொடிக்கு ஆறு மாதம் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தார். சண்முகசுந்தரி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். அழுகை வரும் என்று இலை முன்னால் காத்திருந்தார். வரவில்லை. வாடையும் ருசியும் போன வழியில் அதுவும் போய்விட்டது போலிருந்தது. அந்த ஆறு மாதமும் தினம் சாவடிக்குப் போனார், சொருகினார், உருவினார், தூங்கினார். பிள்ளைகள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தார்.

ஒரு சந்தை நாளில் பூம்பாறை மூட்டைகளோடு பஸ் வந்து நின்றது. அன்னக்கொடி இறங்கினாள். பாதி ஆளாக இருந்தாள். மூட்டையைத் தானே இறக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"என் கொல்லப் பூண்டுதாண்ணே. மோந்து பாருங்க."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். ஞானவேலுக்குக் கை நின்றுவிட்டது.

"ஆறு மாசம் சும்மாதான ஒக்காந்திருந்தேன்" என்றாள் துணிக்குள்ளிருந்து. "நெனச்சு நெனச்சுப் பாத்தேன். நீங்க மோக்கையில குத்தூசியவே பாக்க மாட்டீக. எம் மூஞ்சியத்தான் பாப்பீக. இன்னைக்கு மூஞ்சி இல்ல. மோந்து சொல்லுங்கண்ணே."

அவர் சொருகினார். உருவினார். முனையில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனார், இழுத்தார், மறுபடியும் இழுத்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"தெரியலத்தா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவள் முந்தானையை விலக்கினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபமும் இல்லை.

"கோர்ட்டுல ஒங்க கொரலு நல்லாக் கேட்டுச்சேண்ணே" என்றாள்.

குனிந்து மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். சத்தம் கேட்டு சேனாதிபதி வாசலுக்கு வந்து, "என்னய்யா ஞானவேலு, என்ன தாமதம்?" என்றார்.

ஞானவேல் தடுப்பைத் தூக்கினார். பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டி, எப்போதும் போலச் சத்தமாகச் சொன்னார்:

"மோந்தாச்சு, போகலாம்."