தேயிலைச் சக்கையில் ஊறிய விளக்கு வளையம்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் கிணறு ஒன்றுதான். கொக்குவிலில் இது ஒன்றும் புதினமில்லை. நடுமதில் நேரே வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நின்றுவிடும். மறுகரையில் திரும்பத் தொடங்கும். பாதி வாய் எங்களுக்கு, பாதி வாய் அவர்களுக்கு. அந்த இடைவெளியால் வாளி மட்டுமில்லை, மாம்பழம், வைஃபை கடவுச்சொல், கோபதாபம் எல்லாம் போய் வரும்.

போன வருடம் அதற்கூடாக வந்தது ஒரு முறைப்பாடு.

மாமாவிடம் உருண்டை முகமுள்ள பழைய வெள்ளைக் கார் ஒன்று இருக்கிறது. கலியாண ஓட்டத்துக்கு மட்டும்தான் வெளியே வரும். வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு கலியாணப் பொம்பிளையை இறக்கிவிட்டு வரும்போது, இடப்பக்க முன்விளக்கைச் சுற்றியிருந்த பளபள வளையம் வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இரண்டு முறை திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கவில்லை. இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாளில் அவருடைய சொந்த மகளுக்கே கலியாணம்.

"ஊராற்றை பிள்ளையளையெல்லாம் ரெண்டு கண்ணோட ஏத்திப் போட்டு, என்ரை பிள்ளையை ஒற்றைக் கண்ணோடயோ ஏத்துறது?" என்றார் மாமா, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று.

நான் அப்போது இரசாயனவியலில் பட்டம் எடுத்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒரு சின்ன முப்பரிமாண அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாராவது எதையாவது தொலைத்தால் எனக்குச் சந்தோசம். வலப்பக்க வளையத்தை அளந்து, அதே மாதிரி ஒன்றை வன் பிளாஸ்ரிக்கில் அச்சடித்து, அரத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி அடுத்த நாளே நீட்டினேன். கறுப்பு வளையம். மாமா அதைக் காரில் பிடித்துப் பார்த்தார்.

"அளவு திறம். ஆனா பிள்ளை, கண்ணில அடிபட்டுக் கண்டல் விழுந்த மாதிரிக் கிடக்கு."

வெள்ளி நிறப் பெயின்ற் கூடாதாம். தகரக் கேற் மாதிரி இருக்குமாம். மினுங்க வேண்டும். அதாவது பிளாஸ்ரிக்கின் மேல் உண்மையான உலோகம் ஒட்ட வேண்டும்.

இதில்தான் சிக்கல். உலோகத்துக்குப் பிளாஸ்ரிக்கைப் பிடிக்காது. பழைய சுவருக்குச் சாந்து பூசமுன் மேசன்மார் உளியால் கொத்திவிடுவார்களே, அதுபோலத் தொழிற்சாலைகளில் குரோமிக் அமிலத்தில் தோய்த்து, பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை அரித்துவிடுவார்கள். உலோகம் அந்தக் குழிகளுக்குள் வேர்விட்டு நிற்கும். வேலை சுத்தம். அமிலம்தான் நஞ்சு, புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

"கொழும்பில எனக்கு ஆளிருக்கு. ஒரு போத்தில் அனுப்புவான். பின்வளவில வைச்சுத் தோய்ச்சால் முடிஞ்சுது," என்றார் மாமா.

"தோய்ச்ச மிச்சத்தை எங்கை ஊத்துறது மாமா?"

"வாழையடியில."

"வாழையடிக்குக் கீழை என்ன கிடக்கு?"

மாமா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், துளையும் வெடிப்புமாக. இன்று ஊற்றியது நாளைக்கு வாளியில் வரும். இரண்டு வீட்டு வாளியிலும்.

"சரி, நீ படிச்சனி. வேறை வழி சொல்லு," என்றார். நானும் யோசிக்காமல், "கிணத்தில ஒரு துளியும் விழாமல் ரெண்டு கிழமையில செய்து தாறன்," என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்கு முதல் எதிரி.

இரவும் பகலும் வாசித்தேன். ஊதாக்கடந்த ஒளியால் மேற்பரப்பை மாற்றுகிறார்கள், மின்னேற்றிய வாயுவால் தீண்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டைவிடப் பெரிய இயந்திரம் வேண்டும். ஒன்றுதான் என் கைக்கு எட்டியது: துவர்ப்பு. தேயிலையில் நாக்கைப் பிடிக்கிற அந்தத் துவர்ப்புப் பொருள் எதிலும் ஒட்டும். கோப்பையின் அடியில் படிகிற கறை எதற்கும் அசையாதே, அதுதான். பிளாஸ்ரிக்கில் அதை ஒரு மெல்லிய தோலாகப் படியவிட்டால், அது ஒரு கையால் பிளாஸ்ரிக்கையும் மறு கையால் வெள்ளியையும் பிடித்துக்கொள்ளும். கொத்துவதும் அரிப்பதும் தேவையில்லை.

கலியாண வீட்டில் தேயிலைச் சக்கைக்கா பஞ்சம்? சொந்தக்காரர் வருகிறதும் போகிறதுமாக ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தேத்தண்ணி. அக்கா, அதுதான் மாமாவின் மகள், சக்கையை வாளியில் சேர்த்து மதிலுக்கு மேலால் தந்தாள்.

"எடியே, மாப்பிள்ளை வீட்டாக்கள் ஆடு வளக்கிறியளோ எண்டு கேக்கினம். என்ன சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லு. குட்டிக்கு முகத்தில வளையம் போடுறம் எண்டு சொல்லு."

சக்கையைக் காய்ச்சி வடித்து, துளி அப்பச்சோடா சேர்த்து, வளையத்தை இரண்டு நாள் ஊறவைத்தேன். எடுத்ததும் எங்கள் வழக்கப்படி கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலசினேன். மாமா முன்னால் நிற்க, பெருமையோடு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இறக்கினேன்.

கரைசல் பால் மாதிரி வெளுத்தது.

"என்ன பிள்ளை, பாலோ விட்டனி?"

எனக்கு முகம் வெந்தது. பாடசாலையில் எல்லோரும் செய்து பார்க்கிற சோதனை. உப்புள்ள தண்ணீரில் வெள்ளிக் கரைசல் பட்டால் வெளுக்கும். ஒட்ட வேண்டிய வெள்ளி வெண்தூளாகிப் போய்விட்டது. வளையத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

"உப்பு மாமா. எங்கடை கிணத்தில உப்புக் கிடக்கு."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒருவரின் காரைக் குறை சொல்லலாம், கறியைக்கூடச் சொல்லலாம். நல்லதண்ணிக் கிணறு என்று பெயரெடுத்த கிணற்றை உவர் என்று சொல்வது குடும்பத்துக்கே சொல்வது. மாமா ஒரு செம்பு அள்ளி மடமடவென்று குடித்தார். "இது உப்போ? ரெண்டு ஒழுங்கை தள்ளியிருந்து சனம் வந்து அள்ளுற தண்ணி. நாக்கில்லாத உன்ரை மருந்துக்கு என்ன தெரியும்?" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். கதவு கொஞ்சம் பலமாகச் சாத்தப்பட்டது.

அடுத்த நாள் முழுக்க கிணற்றடியில் அவர் குரல் இல்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு வழக்கே இருந்தது. கலியாணத்துக்கு ஒன்பது நாள். வளையமும் இல்லை, மாமாவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை மாமா வந்தார். கையில் ஒரு பை; பைக்குள் ஐந்து சோடாப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடதாசித் துண்டு: தபால்காரர் வீடு, ரியூசன் வகுப்பு வளவு, கோயிற் கிணறு, தன் மச்சான் வீடு, எங்களுடையது.

"எல்லாத்துக்கும் உன்ரை மருந்தை விடு."

விட்டேன். ஐந்தும் வெளுத்தன. ஆனால் மச்சான் வீட்டுத் தண்ணீர் கஞ்சி மாதிரித் திரண்டது. எங்களுடையது இலேசான புகை மட்டும். மாமா போத்தல்களை வெயிலில் வரிசையாக வைத்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"மச்சானுக்குப் போட்டோ எடுத்து அனுப்பு," என்றார்.

பிறகு அவரே கேட்டார்: "அப்ப உப்பே இல்லாத தண்ணிதானே உனக்கு வேணும்? காருக்குப் பற்றறியில விட வைச்சிருக்கிறன், பாரன், வடிச்ச தண்ணி. அது சரிவராதோ?"

கார் நிற்கும் கராச்சில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. என் மூளைக்கு எட்டாதது பக்கத்து வீட்டுத் தட்டில் கிடந்தது.

புதுச் சக்கை, பற்றறித் தண்ணீர், திரும்ப இரண்டு நாள். இம்முறை வெள்ளிக் கரைசலில் வைத்தபோது வளையம் முதலில் மங்கலாகக் கபில நிறமானது. அதற்குமேல் வெள்ளியும் குளுக்கோசும் சேர்ந்த கலவையை ஊற்ற ஊற்ற, பனி விலகுகிற மாதிரி என் மூக்கே அதில் தெரிந்தது. மிச்சத்தைக் கொட்டவில்லை, உடனேயே உப்பும் பிழிந்த தேசிக்காய்ப் புளியும் விட்டு வெள்ளியைப் படியவைத்து, வடித்து, மூடிப் போத்தலில் வைத்தேன். ஒட்டியிருக்கிறதா என்று செலோரேப் நாடாவை ஒட்டி இழுத்துப் பார்த்தோம். மாமா ஏழு தரம் இழுத்தார். எட்டாம் தரத்துக்குமுன் வளையத்தைப் பறித்து, மேலே தெளிந்த வார்னிஷ் அடித்துவிட்டேன்.

கலியாணக் காலையில்தான் கண்டேன். திருகாணித் துளையின் ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளி உரிந்து, கறுப்பு எட்டிப் பார்த்தது. துளைக்குள் தேயிலைச் சாறு சரியாகப் போகவில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் கார் கோயிலடிக்குப் புறப்பட வேண்டும். பட்டுச் சேலையோடு வந்த அக்கா நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மாமியின் தட்டிலிருந்து விரல் நுனியில் சந்தனம் எடுத்து, அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்து, குங்குமமும் தொட்டாள்.

"என்னடி பாக்கிறாய்? வடிவாத்தானே கிடக்கு."

மாமா சாவியோடு வந்தார். ஒரு விளக்கில் மட்டும் பொட்டைக் கண்டு நின்றார். அவர் குனிந்து பார்த்தார். கண்டுகொண்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"மற்றதுக்கும் வை பிள்ளை," என்றார் என்னிடம். "கலியாண நாளில ஒண்டு தனிய நிக்கக் கூடாது."

வைத்தேன். கார் படலையைத் தாண்டி வீதியில் ஏறும்போது இரண்டு வளையங்களிலும் வெயில் பட்டது. மாமா தலையை வெளியே போட்டு, எதிர்வீட்டுக்காரருக்குக் கத்தினார்: "இடப்பக்கத்தைப் பாருங்கோ! தேத்தண்ணி!"