டபுள்ஸ் இழுக்காத வண்டி

இதில் யார் பெயரையும் நான் மாற்றவில்லை. என் பெயரையும்தான். மோகன்ராஜ், ஊர் பெரியபாளையம். பேயைப் பார்த்தேன் என்று சொல்ல வரவில்லை. நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வருகிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது.

2003, மே 27. செவ்வாய்க்கிழமை. கத்திரி வெயில்.

அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் எனக்கு வேலை. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தபோது மணி 2.10. வண்டி பன்னிரண்டு வருஷப் பழசு. ஆனால் முந்தின நாள்தான் சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தேன். சிவப்பு ரெக்ஸின். கடை வாசனைகூடப் போகவில்லை.

"மோகனு... ஸ்டேஷனாண்ட எறக்கி வுட்டுடு நைனா. ஷேர் ஆட்டோ பூட்ச்சு."

சர்ஃபராஸ் பாய். பழவேற்காட்டுக்காரர், இரும்பு காய்ச்சும் ஃபர்னஸ் பக்கம் வேலை. அடுத்த ஆள் வராததால் முந்தின ராத்திரி ஷிப்டையும் சேர்த்துப் பார்த்திருந்தார். பேண்ட் முழுக்கக் கரியும் கிரீஸும்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேண்டைப் பார்த்தேன். அப்புறம் என் சீட்டைப் பார்த்தேன்.

"கிளட்ச் ஸ்லிப் ஆவுது பாய். டபுள்ஸ் இழுக்காது."

பொய்.

மனுஷன் அதோடு போயிருக்கலாம். போகவில்லை. "எங்க, ஓட்டிக் காட்டு" என்றார்.

பத்தடி ஓட்டினேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடியே, இடது கையின் இரண்டு விரலால் கிளட்ச் லீவரைப் பாதி பிடித்துக்கொண்டேன். இன்ஜின் அலறியது. வண்டி ஊர்ந்தது. கிளட்ச் போன வண்டி அப்படித்தான் செய்யும். சத்தம் ஏறும், வேகம் ஏறாது.

அவர் அந்த வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேபிளைத் தடவிப் பார்த்தார்.

"கேபிள்ல கொஞ்சம் லூசு இருக்கணும். உன்க்கு சரியாத்தான் கீது. அப்ப பிளேட்டுதான் தேஞ்சிருக்கும். பஜார்ல ஜோசப்பாண்ட காட்டு. இத்த வெச்சிக்கினு ஹைவேல லாரிய ஓவர்டேக் பண்ணாத, இன்னா?"

ஐந்து நிமிஷம். இல்லாத ரிப்பேரைத் தேடி ஐந்து நிமிஷம். நெற்றி வேர்வை என் பெட்ரோல் டேங்க்கில் சொட்டிக் காய்ந்தது.

"நீ போ நைனா. மூணு கிலோமீட்டர்தானே. நடந்துக்கினே பூடறேன்."

மணி 2.17. நான் போய்விட்டேன்.

மறுநாள் காலை கேட்டிலேயே செய்தி காத்திருந்தது. பாதி வழியில், சின்னப் பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். குடிக்கவே குடிக்காத மனுஷன். நாலு மணிக்கு ஆடு ஓட்டி வந்த கங்கம்மா என்கிற அம்மாள்தான் தொட்டுப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். 4.20க்கு ஆஸ்பத்திரி. உயிர் எப்போதோ போய்விட்டது என்றார்கள். வெயில்.

"அத்தினி பேர் பைக்ல போனானுங்களே, ஒருத்தன் ஏத்திக்கினு போவக் கூடாதா?" என்றார் சூப்பர்வைசர் பாக்கியநாதன்.

"ஆமா சார்" என்றேன் நான்.

மூன்றாம் நாள் பழவேற்காடு போனேன். அவர் மனைவி ரமீஸாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலிலேயே பாயின் அண்ணன் அமீருதீன் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நண்டு வியாபாரம் செய்கிறவர்.

"அவ இத்தால கீறாப்பா. புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு உள்ளயே இருக்கணும். வெளி ஆம்பளைங்கள பாக்க மாட்டா. இன்னா சொல்லணுமோ என்னாண்ட சொல்லு."

"ஒண்ணுமில்ல பாய்."

திரும்பும்போது எனக்குள் என்ன இருந்தது தெரியுமா? நிம்மதி. நாலு மாசம் பத்து நாள் தள்ளிப்போய்விட்டதே என்ற நிம்மதி.

ஜூன் 2. திங்கள். காலை ஷிப்ட் விட்டு வருகிறேன். மணி 2.20. அந்தச் சின்னப் பாலம்.

ர்ர்ரூம்ம்ம்...

இன்ஜின் அலறியது. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதிலிருந்து பதினைந்துக்கு விழுந்தது. முறுக்கினேன். சத்தம்தான் ஏறியது. ஸ்டேஷன் திருப்பம் வரைக்கும் அப்படியே ஊர்ந்தது. அங்கே... ஒன்றுமே நடக்காததுபோல் சரியாகிவிட்டது.

மறுநாளும் அதே இடம். அதே 2.20. ராத்திரி ஷிப்டில் போனால் ஒன்றும் இல்லை. மத்தியான ஷிப்டிலும் இல்லை. காலை ஷிப்ட் விட்டு வந்தால் மட்டும்.

ஜோசப்பிடம் கொண்டுபோனேன். கேபிளைப் பார்த்தார். ஆயிலைத் தொட்டு விரலில் உருட்டினார். பிறகு வண்டியை மூன்றாவது கியரில் போட்டு, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் முறுக்கி, கிளட்ச்சை விட்டார். டப். இன்ஜின் செத்தது.

"பாத்தியா? கிளட்ச் போயிருந்தா இப்ப இன்ஜின் ஓடிக்கினே இருக்கும். நிக்காது. உன்து நின்னுட்ச்சு. கிளட்ச் ஜம்முனு கீது."

"இல்லண்ணே... பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். பிளேட்டுகள் தேயவில்லை. கருகவில்லை. ஸ்பிரிங் புதுசுபோல் இருந்தது.

"கல்லு மாரி கீதுப்பா. வண்டிக்கு ஒண்ணுமில்ல, உன்க்குத்தான் இன்னாவோ ஆயிட்ச்சு" என்று சிரித்தார். துணியால் சீட்டைத் துடைத்தவர் சட்டென்று நிறுத்தினார். "புது உறைய இப்புடியா பாழ் பண்ணுவ? பின்னாடி யாரை ஏத்திக்கினு சுத்தற?"

பார்த்தேன்.

பின் சீட்டில் கரி. ஆள் உட்கார்ந்து எழுந்த வடிவத்தில்.

சோப்பு போட்டுக் கழுவினேன். போனது. அடுத்த காலை ஷிப்டில் மறுபடி வந்தது.

ஜூலை போனது. ஆகஸ்ட் போனது. இத்தா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடிக்கப் போகிற நேரத்தில்தான் புத்தி மாறியது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது? செத்தவர் வரவா போகிறார்? ரமீஸா மனசுதான் நோகும். சொல்லவே வேண்டாம்.

அப்படி முடிவு செய்தது செப்டம்பர் 28 ராத்திரி.

29ஆம் தேதி. திங்கள். மணி 2.20.

பாலம்.

இன்ஜின் அலறியது. வண்டி நின்றேவிட்டது. ரோட்டில் ஈ காக்கா இல்லை. தார் உருகும் வாசனை.

முதுகில் சூடு.

வெயில் சூடு இல்லை. எனக்கு எதிரே அடித்தது வெயில். இது பின்னாலிருந்து... ஃபர்னஸ் கதவைத் திறந்தால் வருகிற சூடு.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

ஜோசப் செய்த சோதனைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் என்று தெரியாது. மூன்றாவது கியர். முன் பிரேக்கை இறுக்கினேன். முறுக்கினேன். கிளட்ச்சை விட்டேன்.

இன்ஜின் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

ர்ர்ரூம்ம்ம்... ர்ர்ரூம்ம்ம்...

இடது கையைப் பார்த்தேன்.

என் விரல்கள் லீவரில் இல்லை.

லீவர் உள்ளே போயிருந்தது.

பாதி.

"பாய்..."

சூடு நெருங்கியது. காதுமடல் வரை.

"சொல்லிடறேன் பாய். அவங்ககிட்ட சொல்லிடறேன்..."

லீவர் மெல்ல வெளியே வந்தது.

டப். இன்ஜின் நின்றது.

மணி 2.24.

அக்டோபர் 5, ஞாயிறு. இத்தா முடிந்து மூன்று நாள். பழவேற்காட்டில் ரமீஸா வாசல்படிக்கு உள்ளே நின்றாள். பக்கத்தில் அமீருதீன் பாய். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. சீட் உறையைச் சொன்னேன். இரண்டு விரலைச் சொன்னேன். அவர் வெயிலில் உட்கார்ந்து கேபிளைப் பார்த்ததைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. திட்டவில்லை. குழப்பமாகப் பார்த்தாள்.

"இன்னா தம்பி சொல்றீங்க? நீங்கதானே அவரை ஏத்திக்கினு போனீங்க?"

"இல்லக்கா. நான் ஏத்தல."

"அவரே சொன்னாரே."

"எப்ப?"

"அன்னிக்குத்தான். இந்த மச்சான் கடைக்கு போன் பண்ணாரு. என்னைக் கூப்புட்டு வுட்டாங்க. மஃரிப் பாங்கு சொல்லிக்கினு இருந்தாங்க. 'மோகன் வண்டில வந்து அவங்க ஊட்ல கீறேன். ஊட்ல யாரும் இல்ல. தாகமா கீது'ன்னாரு. வேற ஒண்ணும் பேசல. ராத்திரிதான் சேதி வந்துச்சு, உங்க ஊட்லேந்து திரும்பி வர்றப்ப வுழுந்துட்டாருன்னு நெனச்சோம்."

மஃரிப் என்றால் சாயங்காலம் ஆறரை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது 4.20க்கு.

அமீருதீன் பாய் தன் நண்டுக் கடைக்குப் போனார். நம்பர் காட்டுகிற போன் அவருடையது. திருப்பிக் கூப்பிடலாம் என்று அன்றைக்கே குறித்துவைத்த சீட்டைக் கொண்டுவந்து படிக்க ஆரம்பித்தார். முதல் நாலு எண்தான் படித்தார். மீதியை நானே சொன்னேன்.

என் வீட்டு நம்பர்.

பாய் செத்த அந்த மே 27 சாயங்காலம் நானும் என் மனைவி நந்தினியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பவானியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது மணி எட்டு. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் இரண்டு குடத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிடித்து வைக்கக்கூடத் துப்பில்லையா என்று நந்தினியைத் திட்டினேன்.

"ரெண்டு குடமும் ரொப்பி வெச்சிட்டுத்தாங்க வந்தேன்" என்றாள்.

நான் நம்பவில்லை.