உறுமிப் பாடிய கீர்த்தனை

தைராய்டு ஆபரேஷனோடு என் குரல் போய்விட்டது. பேசலாம், பஞ்சரான டயர் பேசுவது போல. பாடத்தான் முடியாது. மயிலாப்பூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடம் ஆல்டோ, அதாவது மெட்டுக்கு அடியில் ஓடும் கீழ்க்குரல், பாடியவளுக்கு, இரண்டு குரல்நாண்களில் ஒன்று அசைய மறுத்துவிட்டது.

குழுவை விட்டு விலக மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தேன். கடவுளையே ஏமாற்றுகிறோமே என்று கூசும். எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருந்தார்கள், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாகூட மாறிவிட்டாள். ஆராதனை முடிந்து தி.நகருக்கு ஆட்டோவில் திரும்பும்போது, "கடைசி அடியில ஏன் அவசரப்படுற? பஸ்ஸா போகுது?" என்று வாராவாரம் திட்டியவள், இப்போது ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் தம்பி ஹெவி மெட்டல்காரன்; கிதாரும் டிரம்ஸும் அலற, உறுமிப் பாடுகிற இசை அது. அவனும் சபையைச் சேர்ந்த இன்னும் மூன்று பேரும் சனிக்கிழமைகளில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் கூடுவார்கள். முதலில் முழங்கால் போட்டு ஜெபிப்பார்கள். பிறகு எழுந்து இயேசுவைப் பற்றி உறுமுவார்கள். "பிசாசை விரட்டுறீங்களா, வரச்சொல்லிக் கூப்பிடுறீங்களா?" என்று நான் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் தம்பி மறந்துவிட்டுப் போன கிதார் வயரைக் கொடுக்கப் போனேன். படி ஏறும்போதே செருப்புக்கடியில் அதிர்ந்தது. பாடுகிறவர் கீழே லேத் ஓட்டுகிறவர், சிந்தாதிரிப்பேட்டைக்காரர். பாட்டு முடிந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்படிக் கத்தினா குரல் போயிடாதா?" என்றேன்.

"கொரலுக்கு இதுல வேலையே இல்லக்கா. குரல்நாண் அதுபாட்டுக்கு சும்மா கீது. அதுக்கு மேல சதை மடிப்பு ஒண்ணு கீது, அதான் அதிருது. கேஸ் சிலிண்டர் தூக்க சொல்லோ ஹும்முனு ஒரு சத்தம் வரும்ல? அத்த வயித்துலேர்ந்து இழுத்துக்கினே போவணும்."

தம்பி கிதாரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். என்னாலும் இப்படிப் பாட முடியும் என்று அதுவரை அவனுக்கும் தோன்றவில்லை போல.

அங்கேயே முயன்று பார்த்தேன். முதல் தடவை இருமல்தான் வந்தது. இரண்டாவது தடவையும் இருமல். மூன்றாவது தடவை சிலிண்டரை நினைத்துக்கொண்டு வயிற்றை இறுக்கினேன், வந்துவிட்டது. கடை ஷட்டரை ஏற்றுவது போன்ற தடித்த, அகலமான சத்தம். அது என்னுடையது என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதில் 'ஸ்தோத்திரம்' என்ற வார்த்தையை ஏற்றிப் பார்த்தேன். அறை முழுவதும் நிறைந்து நின்றது. டிரம்ஸ் வாசிப்பவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, பயமாகவும் இருந்தது. நாற்பத்து மூன்று வருடமாக எனக்குள் இப்படியொன்றை வைத்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் இருந்திருக்கிறார் கடவுள். அவர்மேல் கொஞ்சம் கோபமும் வந்தது, மறைப்பானேன்.

டாக்டர் மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்த்து, வலிக்காத வரை செய்யலாம் என்றார். எதற்காக என்று கேட்டார். ஜெபம் பண்ண என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. அம்மாவிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை.

அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்போம். அவளுக்குப் பிடித்த கீர்த்தனையை நான் பாடுவது வழக்கம். அந்த வருடம் என்னை யாரும் கேட்கவில்லை. போதகர் நேராக முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். நான் எழுந்து நின்றேன். அம்மா முகம் சுளித்தால் இனி பாடுவதே இல்லை, அங்கியையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். தம்பி கிதாரை எடுத்தான்.

உறுமினேன். முதல் அடியிலேயே சித்தி பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். போதகர் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் அவள் உதடு அசைந்தது. பிறகு மெல்லிய குரலில் மெட்டைப் பிடித்தாள். மேலே அவள் மெட்டு. அதற்கு அடியில், ஆல்டோ நிற்கவேண்டிய இடத்தில், என் உறுமல்.

பாட்டு முடிந்தது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கடைசி அடியில ஏன் அவசரப்படுற?" என்றாள். "பஸ்ஸா போகுது?"