‘முள்வேலி’யின் முதல் குரல்

சுங்கைப்பட்டாணி கையுறைத் தொழிற்சாலை கேண்டீனில் ஷாமளா கைப்பேசியில் ‘முள்வேலி’ கேட்டுக்கொண்டிருந்தாள். கெடா தோட்டத்துக் குழு ஒன்று முப்பது வருடங்களுக்கு முன் பாடிய ரோக் பாட்டு, அவளுக்கு உயிர். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அழகம்மா எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அது என் பாட்டுலா.”

“உங்களுக்கும் புடிக்குமாக்கா?”

“புடிக்கிறது என்ன? பாடினதே நான்தான்.”

ஷாமளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆம்பள குரலாச்சே!”

“இது ரெண்டாவது பதிவு. மொதல்ல நான் பாடி இருபது கேசட் போட்டோம். பொம்பள கத்துனா எவன் வாங்குவான்னு எங்க குழுத் தலைவன் காளிதாசன் வேற ஆள வெச்சுப் பாட வெச்சிட்டான்.”

“சும்மாவா விட்டீங்க?”

“மைக்காலயே ஒண்ணு போட்டுட்டுத்தான் வந்தேன்.”

ஷாமளா அன்றே குழுவின் முகநூல் பக்கத்தில் பணிவாகக் கேட்டாள்: முதலில் பாடியது யார்? குழுத் தலைவர் காளிதாசனே பதில் போட்டார்: “எங்கள் குழுவில் பெண் யாரும் பாடியதில்லை. யாரோ கதை கட்டுகிறார்கள்.”

“கதையா? கேசட்ட கொண்டாந்து காட்டுறேன்,” என்றார் அழகம்மா. தொழிற்சாலையில் “ரோக் குவீன் வர்றாங்க, ஒதுங்கு!” என்று கிண்டல் கிளம்பியது. அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

அவரிடமே ஒரு கேசட்டும் மிஞ்சவில்லை; அதைத் தேடி ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் அவருடைய பழைய காரில் கிளம்பினார்கள். ஜித்ராவில் இருந்த, குழுவில் கிட்டார் வாசித்தவர், எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்றார். யான் என்ற ஊரில், டிரம்ஸ் அடித்தவர், “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?” என்று இழுத்தார்.

“வயசு உனக்குத்தான் ஆச்சு. எனக்குத் தொண்ட அப்படியே இருக்கு.”

கடைசியாக சிடாம் கிரி தோட்டம். தோட்டத்துக் கோயிலில் ஒலிபெருக்கி பார்த்துக்கொண்ட மணியம் ஒரு பெட்டியைத் திறந்தார்; உள்ளே ‘முள்வேலி’ அட்டையோடு ஒரு கேசட் கிடந்தது. யார் விட்டுப்போன கேசட்டும் அங்கே சாமிக்குச் சொந்தம். பதிவு அழியாமலிருக்க உடைத்துவிட்ட ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, பழைய பாட்டுக்கு மேலேயே திருவிழா உறுமி மேளத்தைப் பதிந்துவிடுவார்.

“பாட்டுப் பேரு எழுதின அட்ட கண்ணுல படலையாண்ணே?” என்று கேட்டாள் ஷாமளா.

“பாத்தேன்லா. சாமிப் பாட்டு இல்லையே!”

மணியம் கேசட்டை ஓடவிட்டார். உறுமி இருபது நிமிடம் அதிர்ந்தது. அழகம்மா விரலைக்கூட அசைக்கவில்லை. திருவிழா அன்று ஆடியவர்மேல் வந்த சாமி மலையேறியதும் உறுமி நின்றிருக்கிறது. பதிவும் அதோடு முடிந்திருந்தது. அடுத்த நொடி, அழியாமல் தப்பிய பழைய பதிவின் கிட்டார். ‘முள்வேலி’யின் கடைசி ஒன்றரை நிமிடம், அதைக் கிழித்துக்கொண்டு வரும் ஒரு பெண்ணின் குரல். பாட்டு முடிந்ததும் காளிதாசனின் உற்சாகம்: “அழகம்மா, சூப்பர்லா! இன்னொருவாட்டி எடுப்போமா?”

அழகம்மா கேசட்டை எடுத்துக் கைப்பையில் போட்டார்.

“அது கோயில் சொத்து,” என்றார் மணியம்.

“சாமியே வந்து கேக்கட்டும், கொடுத்துர்றேன்.”

திரும்பும் வழியில் ஷாமளா, உறுமியை வெட்டி, இரைச்சலை நீக்கி முகநூலில் போடலாம் என்றாள். அழகம்மா காரை ஓரமாக நிறுத்தினார்.

“ஒண்ணையும் வெட்டாத, பிள்ள. அவன் பதில் போட்டான் பாரு, அதுக்குக் கீழேயே போடு. என் பேரு, தோட்டத்துப் பேரு ரெண்டும் எழுது. பாடகின்னு போடு. முன்னாள்னு மட்டும் போட்டுராத.”