மான்டில் கல்லும் பத்தரின் நெருப்பும்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. விடிந்ததிலிருந்து விடாத மழை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு நகைக்கடையின் பின்னறை. கல் பரிசோதகனாக எனக்கு அது முப்பத்தோராவது வருடம். ஒரு கல் வெடிக்கும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஈர்க்கு முறிந்தது போல ஒரே ஒரு 'டிக்'.

அந்தக் கல் இருந்த மோதிரம் வெள்ளவத்தை யோகம்மாவுடையது. வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலமான கணவர் கப்பல் எஞ்சினியர். செங்கடல் துறைமுகமொன்றில் வாங்கி வந்த பச்சைக் கல் அது. வியாழக்கிழமை மகனுக்குப் பதிவுத் திருமணம். தகப்பன் கொண்டுவந்த கல் பதித்த மோதிரத்தை அவன் போட வேண்டும் என்பது தாயின் ஆசை. கல்லைப் பிடிக்கும் நான்கு கவ்வுகளில் இரண்டு தேய்ந்திருந்தன. நான் கல்லைச் சோதித்து, வேலை உறையில் 'பெரிடொட்' என்று கல்லின் பெயரை எழுதிப் பொற்கொல்லர் சிவம் பத்தரிடம் கொடுத்தேன்.

எங்கள் பத்தர்களின் கை நீலக்கல்லில் பழகிய கை. கல்லைக் கழற்றாமல், பொன்னைப் பற்றவைக்க உதவும் வெங்காரம் பூசி, பக்கத்திலேயே நெருப்பை ஊதி, தேய்ந்த கவ்வைத் தங்கம் கூட்டிக் கட்டுவார்கள். நீலம் அதைத் தாங்கும். சிவம் பத்தரும் அப்படித்தான் ஊதினார். கல் இரண்டாகப் பிளந்தது.

"நான் என்னய்யா புதுசாச் செய்தனான்? வாழ்நாள் முழுக்க இப்பிடித்தானே ஊதினனான்!" பத்தருக்கு முகம் வெளுத்துவிட்டது.

முதலாளி குகன் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதே சைஸில தட்டில ஒண்டு கிடக்கெல்லோ? அதைப் போட்டுக் குடுங்கோ."

"அது அவவின்ர கல்லில்லையே!"

"கலரும் ஒண்டு, கரட் நிறையும் ஒண்டு. மான்டில் முழுக்க இந்தக் கல்லுத்தானெண்டு வாற ஆக்களுக்கெல்லாம் வகுப்பெடுக்கிறது நீங்கள்தானே? பிறகென்ன, எல்லாம் ஒரே கல்லு!"

கல் வெடித்ததை விட இதுதான் என்னை உலுக்கியது. நான் சொன்னது பொய்யில்லை. நாம் நிற்கும் புவி ஓட்டுக்குக் கீழே மான்டில் என்ற படை இருக்கிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற நானூறு கிலோமீற்றர் தூரம் நேரே கீழே இறங்கினாலும், வழியில் பாதிக்கு மேல் ஒலிவின் என்ற கனிமம்தான். அதில் தெளிவான துண்டுதான் பெரிடொட். ஆனால் அதை வைத்து இப்படி ஒரு நியாயம் பேசலாம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

புதன்கிழமை யோகம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மாற்றுக் கல் வைத்த மோதிரத்தை முதலாளி பெட்டியில் நீட்டினார். யோகம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அம்மா, அது உங்கட கல்லில்லை. உங்கடது நெருப்பில வெடிச்சுப் போச்சு."

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் குத்துகிறது. யோகம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு துண்டுகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். அது எங்கே உண்டாகிற கல் என்பதையும் சொன்னேன்.

"பூமிக்குள்ள ஆயிரம் பாகைச் சூட்டில கிடந்ததெண்டுறியள். உங்கட பத்தற்ர ஊதுகுழலுக்கோ வெடிச்சது? ஆரைப் பேய்க்காட்டுறியள்?"

"அங்க எல்லாப் பக்கமும் ஒரே சூடு, எல்லாப் பக்கமும் பெரிய அமுக்கம் அம்மா. அந்த அமுக்கத்தாலதான் அவ்வளவு சூட்டிலயும் மான்டில் உருகாமல் பாறையாவே கிடக்குது. இங்க ஒரு பக்கம் மட்டும் சுட்டுது. மற்றப் பக்கம் குளிர். அந்த வித்தியாசத்திலதான் பிளந்தது."

அவர் துண்டுகளை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப உண்மையிலேயே அவ்வளவு கீழ இருந்தோ வந்தது?"

"ஓம் அம்மா. அந்தப் பாறையிலதான் இது பிறக்கும்."

"என்ர மனிசன் இதைத் தரேக்க சொன்னவர், பூமியின்ர வயித்துக்குள்ள இருந்து வந்த கல்லெண்டு. கப்பல்காரன்ர புளுகெண்டு நான் சிரிச்சனான். சாகுமட்டும் அந்த மனிசனை நான் நம்பேல்லை."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். யோகம்மா மாற்றுக் கல்லைத் திருப்பித் தந்துவிட்டு, பெரிய துண்டையே பட்டை தீட்டிப் பதிக்கச் சொன்னார். வியாழன் காலை மகன் அதைத்தான் போட்டான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உறையில் கல்லின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். 'கழற்றிவிட்டு ஊது' என்றும் எழுதுங்கள். கல் எங்கே பிறந்தது என்று தெரிந்தவன், அது எதைத் தாங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பட்டை தீட்டியது, பதித்தது, தங்கம் கூட்டியது எல்லாவற்றையும் முதலாளி என் சம்பளத்தில் வெட்டினார்: நாற்பத்தோராயிரத்து இருநூற்றைம்பது ரூபாய்.